பரத்பூர் வேட்டைக் கல்வெட்டும் வேடந்தாங்கல் கவுலும்

ராஜஸ்தானின் பரத்பூரில், கேவலாதேவ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் கோயிலுக்குப் பக்கத்தில் சில கற்பலகைகள் உண்டு. அவற்றில் இருப்பது வாத்து வேட்டைக் கணக்கு. தேதி, வந்த விருந்தாளி, துப்பாக்கிகள் எத்தனை, விழுந்த பறவைகள் எத்தனை. 1902-ல் கர்சன் பிரபு வந்தபோது 540. 1938 நவம்பர் 12-ல் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது 4,273. அன்றைக்குப் பத்து மணி நேரம் சுட்டார்கள் என்று வைத்துக்கொண்டாலும் நிமிடத்துக்கு ஏழு பறவை. தற்செயல்தான், ஆனால் அந்தத் தேதி பறவையியலாளர் சாலிம் அலியின் 42-வது பிறந்தநாளும்கூட.

இந்தக் கல்லைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். ஒன்று, ‘என்ன கொடுமை’ என்று. இன்னொன்று, ‘வேட்டைக்காக வைத்திருந்ததால்தான் இந்த இடமே பிழைத்தது, வேட்டைக்காரர்கள்தான் முதல் பாதுகாவலர்கள்’ என்று. முதலாவதில் விவாதிக்க ஒன்றுமில்லை. இரண்டாவது பாதி உண்மை, அதனால்தான் அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கு.

முதலில் உண்மையான பாதி. கேவலாதேவ் மொத்தமே சுமார் 29 சதுர கி.மீ. அது இயற்கையாக அமைந்த பெரிய ஏரி இல்லை, ஒரு பள்ளம். 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய அஜான் அணையிலிருந்து வாய்க்கால் வெட்டி, குறுக்கே கரைகள் போட்டு, மதகு வைத்துத் தண்ணீரை நிறுத்தி, 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதை வேட்டைக்குளமாக ஆக்கினார்கள். கரைகள்மேல் பாதை, சுடுகிறவர்கள் நிற்க இடங்கள். சின்ன இடத்தில் வேட்டை நடத்துவதன் சூட்சுமம் சுடுவதில் இல்லை, சுடாமல் இருக்கும் நாட்களில் இருக்கு. தினமும் வெடி கேட்டால் வாத்து வேறு தண்ணீர் பார்த்துப் போய்விடும். அதனால் வருடம் முழுக்கத் தண்ணீரைக் காக்கணும், மற்றவர்களை உள்ளே விடக் கூடாது, அப்புறம் சில நாள் மட்டும் சுடணும். இந்த ஒழுங்கு இல்லாமல் 4,273 விழுந்திருக்காது.

இங்கேதான் இங்கிலாந்தோடு ஒப்பிடுவது தடுக்குகிறது. அங்கே சின்ன நிலத்தில் வேட்டை நடத்துகிறவர் பெசன்ட் கோழிக் குஞ்சுகளை வளர்த்துத் திறந்து விடுகிறார். தீவனம் வைக்கிறார், ஒளிய இடம் வேண்டும் என்று மக்காச்சோளம், கீரை வகைகள் பயிரிடுகிறார். ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் இப்படி விடுகிறார்கள். அதில் விமர்சிக்க நிறைய இருக்கு, ஆனாலும் சுடுகிற பறவையில் பெரும்பங்கு அவர்களே வளர்த்தது. பரத்பூருக்கு வந்த ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் பெரும்பாலும் இமயத்துக்கு வடக்கே, மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் முட்டையிட்டுப் பொரித்தவை. மன்னர் கொடுத்தது குளிர்காலத் தண்ணீர் மட்டும். ஒரு கண்டத்துச் சேமிப்பை 29 சதுர கி.மீ. குளத்துக்குள் வரவழைத்து எடுத்துக்கொண்டார்கள். கல்லில் இருக்கிற எண் அந்த நிலத்தின் விளைச்சல் இல்லை. ‘இடத்தைக் காத்தார்கள்’ என்ற வாதம் இதைத் தாண்டிப் போய்விடுகிறது.

அடுத்து, கல்லில் எதெல்லாம் இல்லை என்று பாருங்க. அடிபட்டுக் கோரைக்குள் விழுந்து கிடைக்காமல் போன பறவைகளுக்கு அங்கே ஒரு வரிசை இல்லை. அந்தத் தண்ணீரையும் புல்லையும் நம்பியிருந்த சுற்றுக் கிராமங்களுக்கும் இல்லை. மன்னர் குடும்பத்துக்கு 1972 வரை வேட்டை உரிமை இருந்தது. துப்பாக்கி போன பிறகும் ‘மற்றவர்களை உள்ளே விடாதே’ என்ற பழக்கம் மட்டும் போகவில்லை. 1982-ல் எருமை மேய்ச்சலைத் தடை செய்தார்கள், எதிர்ப்பு வந்தது, போலீஸ் சுட்டதில் கிராமத்தவர்கள் இறந்தார்கள். தடையை ஆதரித்தவர்களில் சாலிம் அலியும் ஒருவர். பிறகு அவருடைய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமே நீண்ட ஆய்வு செய்து, எருமை மேயாததால் புல் மண்டித் தண்ணீர்ப் பரப்பை அடைக்கிறது, பறவைகளுக்கு அது கெடுதல் என்று சொன்னது.

வேட்டை இல்லாமல் சின்ன இடத்தைக் காக்க முடியாதா? பதிலுக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரி வெறும் 30 ஹெக்டேர், கேவலாதேவில் நூற்றில் ஒரு பங்கு. ஊர்ப் பெயரிலேயே வேடன் இருக்கிறான். பிரிட்டிஷ் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது ஊரார் எதிர்த்தார்கள். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை ஏற்றுக் கவுல் கொடுத்தார், 1858-ல் அது புதுப்பிக்கப்பட்டது. ஊராருக்கு இதில் பக்தி மட்டும் இல்லை, கணக்கும் இருந்தது. ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் தண்ணீரில் கலக்கும், அந்தத் தண்ணீர் வயலுக்கு உரமாகப் பாயும். பரத்பூரில் செத்த பறவைதான் லாபம், இங்கே உயிரோடு இருக்கிற பறவை. இரண்டு இடத்திலும் தண்ணீரை யாரோ ஒருத்தர் விடாமல் கவனித்தார்கள் என்பதுதான் பொது. இடத்தைக் காத்தது அந்தக் கவனிப்பு, துப்பாக்கி அதற்குக் கட்டாயமில்லை.

சட்டமும் இதை ஒரே நாளில் முடிவு செய்யவில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில்கூடச் சிறு வேட்டைக்கு லைசென்ஸ் உண்டு. 1991 திருத்தத்தில்தான் அது எடுக்கப்பட்டது. ஆனால் வேட்டையைத் தடுக்கிற சட்டம் தானாகத் தண்ணீரைக் காக்காது. பாலவாக்கத்திலிருந்து மேற்கே, பக்கிங்காம் கால்வாயையும் ஓ.எம்.ஆரையும் தாண்டினால் பள்ளிக்கரணை. பரத்பூருக்கு வரும் அதே வகை வாத்துகள் இங்கேயும் குளிர்காலத்தில் வருகின்றன. அந்தச் சதுப்பு நிலத்தில்தான் மாநகராட்சி பல பத்தாண்டுகளாகக் குப்பை கொட்டியது, கட்டிடங்கள் எழுந்தன. 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக்காடு ஆனது. 2022-ல் சுமார் 1,247 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இங்கே யாரும் ஆயிரக்கணக்கில் வாத்து சுடவில்லை. ‘தரிசு’ என்று பெயர் வைத்ததே போதுமானதாக இருந்தது.

அதனால் ‘வேட்டைக்காரர்கள் காத்தார்கள்’ என்று இனி யாராவது சொன்னால், மூன்று கேள்வி கேட்டுப் பாருங்க. தண்ணீரை யார் திறந்து விட்டார்கள்? யாரை வெளியே நிறுத்தினார்கள்? அங்கே சுட்ட பறவை எங்கே பிறந்தது? பரத்பூர்க் கல்லில் இந்த மூன்றுக்கும் பதில் கிடையாது. பள்ளிக்கரணையில் இப்போது எல்லைக்கல் நடுகிறவர்களிடமும் முதல் இரண்டு கேள்வியைக் கேட்கலாம்.