துணைக்கு வந்தவரோடு மட்டும் பேசும் மருத்துவம்

கரிசல் காட்டு ஊரான குளத்தூரில் பதினேழு வயதுப் பையனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தால், முதலில் அவன் இல்லாத இடத்தில் பெரியவர்கள் கூடுவார்கள். யார் துணைக்குப் போவது, மிளகாய்க் காட்டை யார் பார்ப்பது, எந்த நகையை அடகு வைப்பது எல்லாம் அங்கே முடிவாகும். நோயாளியிடம் கேட்க எதுவும் மிச்சமிருக்காது.

இந்தத் துணையைக் குறைத்துப் பேச முடியாது. அரசின் உதவியும் குடும்பத்தை நம்பித்தான் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்பது குடும்பத்துக்கான வரம்பு. கோவில்பட்டியில் ரயிலேறி அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறவருக்குப் படுக்கை வகுப்பில் கட்டணம் கிடையாது. கூடப் போகிறவருக்கும் 75 சதவீதம் தள்ளுபடி உண்டு. ஸ்கேனுக்கு வரிசையில் நிற்பது, கஞ்சி வாங்கி வருவது, வாந்திக்குச் சட்டி பிடிப்பது என்று பாதி நர்சு வேலையை அம்மாதான் செய்கிறார். தீப்பெட்டி ஆபீஸ் கூலி போனாலும் போகட்டும் என்று வந்தவர் அவர். சிகிச்சை பாதியில் நின்றுபோகாமல் இருப்பதற்குப் பல வீடுகளில் அவரே காரணம்.

ஆனால் அந்தத் துணை, பையன் பேச வேண்டியதையும் தானே பேசிவிடுகிறது. "அவனுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர், ரத்தத்துல கிருமின்னு சொல்லியிருக்கோம்" என்கிறார்கள். கையில் போன் வைத்திருக்கும் பிள்ளை, மருந்துப் பெயரைத் தட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. அம்மா அழுவாள் என்று அவனும் வாயைத் திறப்பதில்லை.

இந்த மௌனத்தால் கெடுவது மனம் மட்டுமல்ல. சில மருந்துகள் பிள்ளைபெறும் திறனைப் பாதிக்கும். ஆண்பிள்ளை என்றால் விந்தணுவை உறையவைத்துக் காக்க வழியுண்டு. ஆனால் அதைக் கீமோ தொடங்கும் முன்பே செய்ய வேண்டும். அம்மாவை வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியை யார் கேட்பார்? பெண்பிள்ளை என்றால் இன்னும் சிக்கல்: நாளைக்கு வரன் பார்க்க வேண்டுமே என்று நோயையே ஊருக்கு மறைக்கிறார்கள். பள்ளித் தோழிகள்கூட எட்டிப் பார்க்க முடியாது.

இன்னொன்று, குழந்தைகள் வார்டா, பெரியவர்கள் வார்டா என்பது. அதைப் பொறுத்துச் சிகிச்சைமுறையும் மாறலாம். 16 முதல் 20 வயது வரையான ரத்தப் புற்றுநோயாளிகளைப் பற்றி 2008-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், குழந்தைகளுக்கான சிகிச்சைமுறையைப் பெற்றவர்களில் 67 சதவீதத்தினரும் பெரியவர்களுக்கான முறையைப் பெற்றவர்களில் 46 சதவீதத்தினரும் ஏழாண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தார்கள். நோய் ஒன்றுதான். நம் வீட்டுக் கூட்டங்களில் எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று பேசுவார்கள், எந்தச் சிகிச்சைமுறை என்று கேட்பதில்லை. கேட்கத் தெரிந்தவர்களும் குறைவு.

இங்கிலாந்தில் 1990-இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் பதின்வயதினருக்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார்கள். 19 முதல் 24 வயதுக்காரர்களுக்கு, எங்கே சிகிச்சை பெறுவது என்பதில் அவர்கள் விருப்பத்தையும் கேட்க வேண்டும் என்று 2005-இல் வழிகாட்டுதலே வந்தது. கரிசல் காட்டுக்குத் தனிக் கட்டடம் கேட்பது என்னளவில் அவசரப்படுவதாகும். அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, கேட்கும் பழக்கம்தான். கீமோவுக்கு முன் அரைமணி நேரம், அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டுப் பிள்ளையோடு தனியாகப் பேசலாம். சம்மதக் கையெழுத்து பெற்றோருடையதாகவே இருக்கட்டும். வீட்டுக்கே வந்து மருந்து தரும் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டமும் 2021 முதல் நடக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு வரும் அந்த ஊழியர், சிகிச்சை முடிந்து திரும்பிய பிள்ளையையும் பார்த்து, மறுபரிசோதனைக்குப் போனாயா, பிளஸ் டூ துணைத்தேர்வுக்குப் பணம் கட்டினாயா என்று கேட்க முடியும். அதையும் அம்மாவிடம் கேட்காமல் அவனிடமே கேட்க வேண்டும்.