வீட்டைச் சுற்றித் தார்: கறுப்பாக இருந்தால் போதுமா?

தெருவுக்குத் தார் ரோடு போடுகிற அன்னைக்கு ஒரு பழக்கத்தைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். வேலை முடிந்து ரோலர் கிளம்பும் நேரத்தில் ரெண்டு மூணு வீட்டுக்காரர்கள் வெளியே வருவார்கள். "அண்ணே, மிச்சம் இருந்தா நம்ம கேட்டு முன்னாடியும் கொஞ்சம் தள்ளி விட்டுடுங்க." டீ காசு கை மாறும். மிச்சக் கலவை வாசலில் கொட்டப்படும், மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டப்படும். கேட்டிலிருந்து பைக் நிறுத்தும் இடம் வரை ஒரு கறுப்புப் பாதை தயார். இதைத்தான் நாம் வீட்டு நடைபாதை என்கிறோம்.

இந்தக் குறிப்பு அந்தப் பாதையைப் பற்றிய விமர்சனம். தார் கெட்ட பொருள் என்று சொல்ல வரவில்லை. தாரை நாம் பயன்படுத்தும் விதத்தில் ஒரு தலைகீழ் இருக்கிறது, அதைத்தான் சொல்ல வருகிறேன். கண்ணுக்குத் தெரியும் மேல் 5 சென்டிமீட்டரைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். அதற்குக் கீழே என்ன இருக்கு, அதன் மேலே விழும் தண்ணி எங்கே போகுது என்ற ரெண்டு கேள்வியும் வருவதே இல்லை.

முதலில் பெயர்

'தார்' என்று நாம் சொல்வது இப்போது பெரும்பாலும் தார் இல்லை. உண்மையான தார் நிலக்கரியிலிருந்து வருவது. ரோட்டில் போடுவது பிட்டுமென், அதாவது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்த பிறகு அடியில் தங்கும் பிசின். ரெண்டும் கறுப்பு, ரெண்டும் ஒட்டும், அதனால் ஒரே பெயர் ஒட்டிக்கொண்டது. வேறுபாடு முக்கியமானது. நிலக்கரித் தாரில் உடம்புக்குக் கேடான வேதிப்பொருட்கள் பல மடங்கு அதிகம். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரம் வண்டிப் பாதைகளுக்கு மேலே பூசும் நிலக்கரித் தார்ப் பூச்சைத் தடையே செய்துவிட்டது. குழந்தைகள் தவழும் வாசலில் ஏதாவது கறுப்புப் பூச்சு அடிக்கச் சொன்னால், டப்பாவில் என்ன எழுதியிருக்கு என்று பார்ப்பது நல்லது.

ரோட்டுக் கலவையில் பிட்டுமென் நூற்றுக்கு ஐந்தாறு பங்குதான். மீதி எல்லாம் ஜல்லியும் கல்தூளும். ஆக, தார்ப் பாதை என்பது ஒரு கல் பாதை. கறுப்பு அதன் பசை. இந்த ஒரு விஷயத்தை மனசில் வைத்தால் மற்றது எல்லாம் புரியும்.

'மலிவு' என்ற வாதம்

ஒரு கணக்கு போடுவோம். 1 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம், 5 செ.மீ. கனம். ஒரு கன மீட்டர் கலவை வேண்டும். எடை சுமார் 2.3 டன். ஒரு டிப்பர் லாரி ஒரு நடைக்கு இதைப்போல் பல மடங்கு ஏற்றும். கலவை ஆலை நகரத்துக்கு வெளியே எங்கேயோ இருக்கிறது. இந்த 2.3 டன்னுக்காக அங்கிருந்து ஒரு லாரி சூடாகக் கிளம்பி உங்கள் வீட்டுக்கு வருமா? வராது. அதனால்தான் நமக்குக் கிடைப்பது மிச்சம்.

மிச்சத்தில் என்ன தப்பு? சூடு. நம் ஊரில் அதிகம் பயன்படும் வி.ஜி. 30 ரகப் பிட்டுமென் கலவையை ஆலையில் 150 டிகிரிக்கு மேல் வைத்துக் கலக்கிறார்கள். அது 90 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் ரோலர் ஓடி முடித்திருக்க வேண்டும். ஆறிப்போன கலவை எவ்வளவு தட்டினாலும் இறுகாது, உள்ளே ஓட்டை ஓட்டையாக நிற்கும். அந்த ஓட்டை வழியாகத் தண்ணி இறங்கி, கல்லையும் பிசினையும் பிரித்துவிடும். முதல் மழைக்காலத்திலேயே ஓரம் உதிர்ந்து ஜல்லி ஜல்லியாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். பார்த்ததும் 'கான்ட்ராக்டர் தார் கம்மியா போட்டுட்டான்' என்போம். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆறின கலவையை மண்வெட்டியால் தட்டினால், எவ்வளவு நல்ல தாரும் இப்படித்தான் ஆகும்.

காசு குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே நாம் வாங்கியது பாதை இல்லை, ஆறின ஜல்லி.

இன்னொரு ஊரின் அறிவுரை

இணையத்தில் வீட்டைச் சுற்றித் தார்ப் பாதை போடுவது எப்படி என்று தேடினால் வருவதெல்லாம் வட அமெரிக்கக் குறிப்புகள். அவற்றை ஒதுக்க மாட்டேன், உள்ளே நல்ல சரக்கு இருக்கு. மேல் மண்ணை வெட்டி எடு, 10 முதல் 15 செ.மீ. உடைகல் போட்டு இறுக்கு, வாட்டம் கொடு, ஓரத்துக்குப் பிடிமானம் வை, அதற்குப் பிறகு தார். வரிசை சரி.

ஆனால் தாரை அங்கே ஏன் விரும்புகிறார்கள் என்று பாருங்கள். குளிர்காலத்தில் மண் உறைந்து உப்பும், வசந்தத்தில் இளகி இறங்கும். கான்கிரீட் விறைப்பானது, அந்த அசைவில் விரிசல் விடும். தார் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். இன்னொன்று, கறுப்பு நிறம் வெயிலை இழுத்துப் பனியைச் சீக்கிரம் உருக்கும். அங்கே இது நியாயமான காரணம். இதையே தமிழில் மாற்றிப் போட்டு நம்ம ஊருக்கு யோசனையாகச் சொல்லும் கட்டுரைகளைப் படிக்கும்போதுதான் எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வருகிறது. வேலூரில் எந்தப் பனியை உருக்கப் போகிறோம்?

இங்கே அதே கறுப்பு எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது. புதுத் தார் தன் மேல் விழும் வெயிலில் நூற்றுக்கு ஐந்து பங்கைத்தான் திருப்பி அனுப்பும், மீதியை விழுங்கிவிடும். சித்திரை வெயிலில் தார்ப் பரப்பு 60 டிகிரியைத் தொடுவது சாதாரணம். வி.ஜி. 30 பிட்டுமெனின் இளகுநிலைக்கு விதிப்படி கீழ் எல்லையோ 47 டிகிரி. நன்றாக இறுக்கிய ரோட்டில் கல்லோடு கல் பூட்டிக்கொண்டு சுமையைத் தாங்கும், அதனால் ஒன்றும் ஆவதில்லை. வாசலில் தட்டிப் போட்டதில் அந்தப் பூட்டு இல்லை. மே மாதம் மத்தியானம் பைக்கை சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தினால், திரும்பி வரும்போது ஸ்டாண்டு உள்ளே இறங்கி வண்டி சாய்ந்து கிடக்கும். வண்டியிலிருந்து சொட்டும் எண்ணெயும் பெட்ரோலும் வேறு பிட்டுமெனைக் கரைக்கும், எல்லாம் ஒரே எண்ணெய்க் குடும்பம்தானே.

வீட்டுச் சுவரை ஒட்டிப் போட்ட தார் பகல் முழுக்கச் சேர்த்த சூட்டை ராத்திரி வெளியே விடும். சன்னலுக்குக் கீழே அது இருந்தால், காற்றுக்காகச் சன்னலைத் திறப்பவர்களுக்கு வெக்கைதான் கிடைக்கும்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: கோலம் தாரின் மேல் எடுப்பாகத் தெரியும். மார்கழிக்கு அது ஒரு லாபம்.

தண்ணி எங்கே போகும்?

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். நம்ம 20 சதுர மீட்டர் பாதையில் 10 செ.மீ. மழை பெய்தால் 2000 லிட்டர். வடகிழக்குப் பருவமழையில் ஒரே நாளில் 10 செ.மீ. என்பது சென்னைக்கும் கடலூருக்கும் அபூர்வமில்லை. முன்பு மண் ஓரளவு குடித்துக்கொண்டிருந்த அந்தத் தண்ணி இப்போது முழுசாக ஓடப் பார்க்கும். எங்கே ஓடும் என்பதைத் தீர்மானிப்பது வாட்டம். மீட்டருக்கு 2 செ.மீ., மேஸ்திரி பாஷையில் சொன்னால் பத்தடிக்கு ரெண்டரை இஞ்ச். சுவரிலிருந்து விலகி, தோட்டத்துப் பக்கமோ உறிஞ்சு குழிப் பக்கமோ.

இந்த ரெண்டரை இஞ்சுக்கு ஒரு லெவல் ட்யூபும் அரை மணி நேரமும் போதும். ஆனால் மிச்சத் தாரைத் தட்டுகிறவருக்கு அந்த அரை மணி நேரம் இல்லை. கண் மட்டத்தில் போட்டதில் தண்ணி சுவர் ஓரம் தேங்கும், பிறகு சுவரில் ஓதம் ஏறும், பெயிண்ட் பொரியும். அப்போது வாட்டர்ப்ரூஃபிங் ஆளைக் கூப்பிடுவோம். அவர் சுவரைப் பார்ப்பார், பாதையைப் பார்க்க மாட்டார்.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமானது. மொட்டைமாடிக் குழாயைக் கொண்டுபோய் ஒரு குழியில் விட்டோம். அதே வீட்டில் தரையை மட்டும் வாசல் முதல் கொல்லை வரை அடைத்துவிட்டோம். ஒரு கையால் சேமித்து மறு கையால் விரட்டுகிற இந்த முரண்பாடு யாருக்கும் உறுத்துவதாகத் தெரியவில்லை.

மேட்டுப் போட்டி

இதுவரை சொன்னது ஒரு வீட்டின் கதை. எனக்கு உண்மையாகவே கவலை தருவது தெருவின் கதை.

பேஸ்மட்டம் சுற்றியுள்ள தரையிலிருந்து குறைந்தது 45 செ.மீ. உயரம் இருக்க வேண்டும் என்பது தேசியக் கட்டிட விதித் தொகுப்பின் கணக்கு. தெருவில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் ஒவ்வொரு தடவையும் 5 செ.மீ. மேலே மேலே போட்டால், ஒன்பதே தடவையில் அந்த 45 தீர்ந்தது. பழைய குடியிருப்புகளில் ரோட்டிலிருந்து வீட்டுக்குப் படி இறங்கிப் போவதைப் பார்க்கிறோமே, அது இப்படி வந்ததுதான். சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போடணும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலர் இறையன்பு அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். சரியான அறிவுறுத்தல். ஆனால் அது தெருவோடு நின்றுவிடும், கேட்டுக்கு உள்ளே வராது.

ரோடு உயர்ந்ததும் வசதி உள்ளவர் தன் வாசலை உயர்த்துவார், பாதையைத் தூக்கிப் போடுவார். அவர் வீட்டுத் தண்ணி பக்கத்து வீட்டுக்குப் போகும். பக்கத்து வீட்டுக்காரர் கொஞ்சம் கடன் வாங்கி அவரும் உயர்த்துவார். இப்படியே போய், தெருவில் உயர்த்தக் காசில்லாத வீடு எதுவோ அதுதான் அந்தத் தெருவின் குளம் ஆகும். பென்ஷனில் இருக்கும் கிழவர், ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருப்பவர், அவர்கள் வீட்டுக் கட்டிலுக்குக் கீழேதான் எல்லார் வாசலின் தண்ணியும் வந்து நிற்கும். யாரும் கெட்டவர் இல்லை. ஒவ்வொருவரும் தன் வாசலில் தண்ணி நிற்காமல் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். இதைத்தான் 'நல்லா போட்டிருக்காங்க' என்று பாராட்டுகிறோம்.

பேவர் பிளாக் போட்டா தப்பிச்சோமா?

'அதனாலதான் சார் நாங்க பேவர் பிளாக் போட்டோம்' என்று பலர் சொல்வார்கள். பேவர் கல்லின் சிறப்பு அதன் இடைவெளி. அடியில் மணல் மெத்தை, இடையில் மணல், அதன் வழியாகக் கொஞ்சம் தண்ணி இறங்கும். ஒரு கல் உடைந்தால் அதை மட்டும் பிடுங்கி மாற்றலாம். ஆனால் புல் முளைக்குது, எறும்பு வருது என்று இடைவெளியில் சிமெண்டுப் பால் ஊற்றி அடைக்கிற வழக்கம் பரவலாக இருக்கு. அடைத்த பிறகு அது கோடு போட்ட கான்கிரீட்தான். அடியில் பழைய சிமெண்டுத் தளமே இருந்தால் கேட்கவே வேண்டாம். பொருளை மாற்றினோம், பழக்கத்தை மாற்றவில்லை.

அப்போ தார் எங்கே சரி?

நீளமான, பலர் பகிர்ந்துகொள்ளும் பாதைகளுக்கு: அடுக்குமாடிக் குடியிருப்பின் உள்சாலை, பள்ளி வளாகம், தோப்பு வீட்டுக்குப் போகும் நூறு மீட்டர் வண்டிப் பாதை. ஒரு முழு லாரி கலவை சூடாக வந்து இறங்கும் அளவுக்கு வேலை இருந்தால், ரோலர் வந்தால், தார் நல்ல பொருள். மூட்டு இல்லாத சமதளம், சக்கர நாற்காலிக்கும் முதியவர்களின் நடைக்கும் சுகம். பழுது பார்ப்பதும் சுலபம். பழைய கலவையைச் சுரண்டி மறுபடி பயன்படுத்தவும் முடியும்.

வீட்டைச் சுற்றியோ, மூணடி அகலப் பாதைக்கு நான் கேட்கும் கேள்விகள் இவை, இந்த வரிசையில்: மழை பெய்யும்போது குடையோடு நின்று, தண்ணி இப்போது எங்கே போகுதுன்னு பார்த்தீர்களா? பாதையின் மேல்மட்டம் பேஸ்மட்டத்துக்கு எவ்வளவு கீழே? வாட்டம் யார் பக்கம்? அடியில் ஜல்லி போட்டு இறுக்கப் போகிறீர்களா? மரத்தைச் சுற்றி ஒரு மீட்டராவது மண் விடுகிறீர்களா? உண்மையில் நடக்கும் அகலம் எவ்வளவு, மீதியை ஏன் மூட வேண்டும்? மேலே போடுவது தாரா, பேவரா, கருங்கல் பலகையா என்பது ஏழாவது கேள்வி. முதல் ஆறுக்கும் பதில் இருந்தால், ஏழாவதற்குப் பெரும்பாலும் இறுக்கிய கிராவல் மேல் ரெண்டடிக்கு ஒரு கல் பலகை என்ற விடையே போதும்.

அடுத்த பருவமழைக்கு முன்னால் உங்கள் தெருவில் ரோடு போட ஆள் வந்தால், மிச்சத் தாரைக் கேட்பதற்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: பழசைச் சுரண்டினீங்களா? அதற்குப் பிறகு தெருவிலேயே தாழ்வான வீடு எதுன்னு நடந்து போய்ப் பாருங்கள். உங்கள் பாதையின் வாட்டம் அந்த வீட்டைப் பார்த்து இருந்தால், கொத்தனாரைக் கூப்பிடுமுன் அந்த வீட்டுக்காரரோடு ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.