சொல்வதெழுதும் மென்பொருளும் நெல்லை வழக்கும்

பள்ளியில் ஆசிரியர் சொல்ல மாணவர் எழுதும் பயிற்சிக்குச் 'சொல்வதெழுதுதல்' என்று பெயர். அப்பணியை இன்று வீட்டுக் கணிப்பொறி மேற்கொள்கின்றது. கூகுள் நிறுவனம் 2017 ஆகஸ்டில் தமிழ் உள்ளிட்ட எட்டு இந்திய மொழிகளில் பேசி எழுதும் வசதியை அளித்தது. 2022 செப்டம்பரில் ஓபன்ஏஐ நிறுவனம் விஸ்பர் என்னும் கருவியை யாவரும் எடுத்தாளுமாறு வெளியிட்டது. அதுவும் தமிழ் அறியும். இத்தகையவற்றுள் தமிழாராய்வார்க்கு ஏற்றது யாது? விரைவும் விலையும் கொண்டு அளப்பார் பலர். ஐயம் நேர்ந்தவிடத்துக் கருவி என்ன செய்கின்றது என்பதே அளவுகோலாதல் வேண்டும் என்பது நம் கருத்து.

எலுமிச்சைச் சந்தையால் பெயர்பெற்ற புளியங்குடியில் முதிய உழவர் ஒருவரை இணையவழிக் கருவியொன்றின்முன் பேசச் செய்தோம். அவர் பேச்சை ஒலிப்பதிவும் செய்தோம். 'உழவு மாடு' என்றபோது கருவி பிழையின்றி எழுதியது. 'உழவு' தனித்து வந்தபோதோ 'உளவு' என்று எழுதிற்று! பெரியவர்மேல் குற்றமில்லை, அப்பக்கத்துப் பேச்சில் ழகரம் ளகரமாய் ஒலித்தல் இயல்பு. தொல்காப்பியப் பிறப்பியல் ழகரத்தை ரகரத்தோடு ஒரு நூற்பாவிலும், ளகரத்தை லகரத்தோடு வேறொரு நூற்பாவிலும் வைத்துள்ளது. இலக்கணம் பிரித்ததை வழக்கு ஒன்றாக்கியபின் செவியால் மட்டும் வேறுபாடு காணவியலாது. 'மாடு' என்னும் அண்டைச் சொல்லே முன்னதில் துணைநின்றது. ஆகவே, கருவி கேட்டு எழுதுவதோடு ஊகித்தும் எழுதுகின்றது.

பொது உரைநடைக்கு இவ்வூகம் நன்மையே. வட்டார வழக்கை ஆராய்வார்க்கு அதுவே பகை. பெரியவர் 'சொல்லுதாவ' என்றார். திரையில் 'சொல்றாங்க' என்று வந்தது. பொருள் கெடவில்லை, ஆயினும் நெல்லை வழக்கின் 'ஆவ' என்னும் உயர்வீறு சுவடின்றி மறைந்தது. ஏடெழுதுவோர் தாம் அறியாச் சொல்லை அறிந்த சொல்லாக்கிப் பாடபேதம் விளைத்த வரலாறு நமக்குப் புதிதன்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) செய்யுள்களைச் சொல்லிக்கொண்டே செல்ல, மாணவர் ஏட்டில் எழுதினர். அம்மாணவர் ஐயுற்றால் ஆசிரியரை வினவலாம். கருவி வினவுவதில்லை, ஐயுற்ற சொல்லையும் தெளிந்த சொல்லையும் ஒரே துணிவோடு எழுதிச் செல்கின்றது.

ஒற்று மிகுதலையும் சோதித்தல் வேண்டும். 'வேலை கொடு' என்பது பணி கொடு என்றும், 'வேலைக் கொடு' என்பது வேற்படையைக் கொடு என்றும் பொருள்படும். இரண்டும் ஒலியில் வேறுபடுவன. எனினும், தான் பயின்ற எழுத்தில் ஒற்று எவ்வாறு கையாளப்பட்டதோ அதன் வழியே கருவியும் செல்லும்.

இனித் தேர்வுக்கு வருவோம். மேசைமுன் அமர்ந்து தம் கட்டுரையைத் தாமே சொல்வார்க்கு இணையவழிக் கருவி போதும். எழுத்து உடனுக்குடன் திரையில் தோன்றுதலின் பிழையை அப்போதே களையலாம். களப்பதிவுகளை எழுத்தாக்க விரும்புவார்க்கு விஸ்பர் போன்று கணிப்பொறியிலேயே நிறுவத்தக்கதே ஏற்புடைத்து. பேசியவர் குரல் வீட்டைவிட்டு வெளியே செல்லாது. ஊர்ப்பெயர், கலைச்சொல் முதலியவற்றை முன்கூட்டிக் குறிப்பாகத் தரவும் இடமுண்டு. ஆயின் பழைய கணிப்பொறியில் அதன் பெரிய வடிவம் மிக மெதுவாக இயங்கும். பேச்சினிடையே மௌனம் நீளின் எவரும் சொல்லாத தொடரை அது எழுதிவிடுதலும் உண்டு என ஆய்வாளர் காட்டியுள்ளனர். எக்கருவியாயினும் மூல ஒலிப்பதிவைக் காத்தல் இன்றியமையாதது. பேச்சை எழுத்தாக்கியபின் ஒலியை ஒப்பிட வழிவைக்காத மென்பொருளைக் களப்பணிக்குக் கொள்ளலாகாது.

புளியங்குடிப் பதிவில் 'உளவு' என வந்த இடங்களை ஒலியை மீண்டும் கேட்டு, பொருள்நோக்கித் திருத்தினோம். 'ஆவ' ஈறுகளைத் திருத்தும் பணி இன்னும் முடிந்திலது.