உடையின் எல்லை: பழவேற்காட்டுக் கைலியிலிருந்து தொடங்கி

மலேசியாவில் ஆண்கள் தொழுகைக்குக் கட்டிச் செல்லும் கட்டம்போட்ட கைலிக்குப் பெலேக்காட் என்று பெயர். நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டின் பெயர்தான் மலாய் நாவில் அப்படித் திரிந்தது. 1613இல் டச்சுக்காரர் இங்கே கெல்திரியா கோட்டையைக் கட்டியதும் இந்தக் கரையின் துணிக்காகத்தான். அதைக் கொடுத்துக் கிழக்குத் தீவுகளில் வாசனைச் சரக்கு வாங்கினார்கள். அரபு நாட்டில் நெய்யாத ஒரு துணி, கடல் கடந்து முஸ்லிம் ஆணின் உடையாக நிலைத்தது எப்படி? மார்க்கம் கேட்டது மறைக்க வேண்டிய அளவைத்தான். தையலை ஊர் வழக்கத்துக்கு விட்டது. மூட்டிய கைலி அந்த அளவுக்குப் போதுமானதாக இருந்தது. இஸ்லாமிய உடை என்றாலே பெண்ணின் தலைத்துணியில் தொடங்கிவிடும் பேச்சை, இந்தக் கைலியிலிருந்து தொடங்குவதே முறை என்பேன்.

குர்ஆனும் ஆணிடமிருந்தே தொடங்குகிறது. 24ஆம் அத்தியாயத்தின் 30ஆம் வசனம் பார்வையைத் தாழ்த்தச் சொல்வது ஆண்களை. பெண்களுக்கான வசனம் அதற்கு அடுத்தது. சோழமண்டலக் கரை மரைக்காயர்கள் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்டது ஆணின் அவ்ரத், அதாவது மறைக்க வேண்டிய பகுதி. ராவுத்தர்களும் உருது பேசுவோரும் பின்பற்றும் ஹனஃபியில் முழங்காலும் அதில் சேரும். மாலிகிகள் தொடை விஷயத்தில் சற்று நெகிழ்ந்தவர்கள். கைபர் போரின்போது நபி (ஸல்) அவர்களின் தொடை தெரிந்ததாகச் சொல்லும் நபித்தோழர் அனஸின் அறிவிப்பு தொடரில் வலுவானது, தொடை அவ்ரத் என்னும் ஜர்ஹதின் அறிவிப்பு பேணுதலுக்கு ஏற்றது என்று இரண்டையும் எடைபோட்டார் இமாம் புகாரி. ஆணின் தொடைக்காக இவ்வளவு ஆராய்ந்த மரபு நம்முடையது. ஆனால் தொடை தெரியக் கைலியை மடித்துக் கட்டியவரைக் கேட்பார் இல்லை. முக்காடு நழுவிய பெண்ணைத் தெருவே கேட்கிறது. அந்த ஓரவஞ்சனையை மார்க்கத்தின் கணக்கில் எழுதக் கூடாது.

பெண்ணுக்கு மறைக்க வேண்டிய அளவு அதிகம்தானே என்பார்கள். அதிகம்தான், அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அங்கும் ஒரே குரல் இல்லை. ஹனஃபி நூல்கள் முகத்தையும் கைகளையும் விலக்கின. பாதங்களையும் விலக்கும் ஓர் அறிவிப்பு உண்டு. ஷாஃபியில் தொழுகைக்கு முகமும் கைகளும் விலக்கு. அந்நிய ஆண் முன்னே முகத்தையும் மறைக்க வேண்டுமா என்பதில் அறிஞர்கள் பிரிந்தார்கள். கறுப்பு அபாயாவே மார்க்க உடை, நம் பாட்டிமார் போர்த்திய வெள்ளைத் துப்பட்டி வெறும் வழக்கம் என்று சிலர் வாதிடுகிறார்கள். முந்தானையை மார்பின்மேல் இடச் சொல்லும் வசனத்திலும், மேலாடையைத் தாழ்த்திக்கொள்ளச் சொல்லும் 33:59இலும் நிறம் இல்லை. தோல் தெரியாமல் உடலை மூடிய துப்பட்டியில் எந்தக் குறையும் இல்லை. கறுப்பை விரும்பி அணிபவரை நான் குறை சொல்லவில்லை. துப்பட்டியைக் குறைவாகப் பேசுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளைக் காட்டி எழும் மறுப்பு இன்னும் கனமானது: எந்திரத்தருகே தொங்கும் துணி உயிரை வாங்கும். மெய். ஓடும் எந்திரத்தைச் சோதிக்கும் ஆணுக்கு நிர்வாகமே இறுக்கமான உடை தர வேண்டும் என்றது 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவு. உயிர் காப்பதை ஷரீஅத்தின் ஐந்து நோக்கங்களில் ஒன்றாக வைத்தவர் இமாம் கஸ்ஸாலி. ஆகவே கைலியும் ஜிப்பாவும் அங்கே வாசலோடு நிற்கட்டும். காற்சட்டையில் உடலின் வடிவம் தெரிந்தாலும் தோலின் நிறம் தெரியாதவரை தொழுகை கூடும் என்பது ஷாஃபி சட்டம். வேலை உடையிலேயே லுஹர் தொழலாம். பெண்ணுக்கும் வழி உண்டு. விரிந்த கூந்தலும் எந்திரத்துக்கு ஆபத்தே. தலையை ஒட்டிக் கட்டி, முனைகளை மேலங்கிக்குள் செருகிய துணி முடியையும் அடக்கும், மார்க்கம் கேட்ட அளவையும் மூடும். அப்படி ஒரு தலைத்துணியைச் சீருடையோடு சேர்த்துத் தரும்படி நிர்வாகங்களிடம் கேட்க வேண்டிய பொறுப்பு நம் ஜமாஅத்துகளுக்கு இருக்கிறது.