கொட்டகையில் பிறக்கும் கார்

பழைய பாணி விளையாட்டுக் காரை வீட்டுக் கொட்டகையில் தாமே கட்டும் கலைக்கு, காலின் சாப்மன் வடிவமைத்து 1957இல் வெளிவந்த லோட்டஸ் செவன் என்ற இருவர் அமரும் திறந்த கார் மூலவடிவமாக அமைந்தது. முழு வண்டிக்கு பிரிட்டன் விதித்த கொள்முதல் வரியைத் தவிர்க்க விரும்பியோர் அதைப் பாகங்களாகவே வாங்கித் தாமே பூட்டிக்கொண்டனர். பள்ளி ஆசிரியர் ரான் சாம்பியன் 1996இல் எழுதிய நூலோ இன்னும் ஒரு படி மேலே சென்று, சட்டகத்தையே வாசகர் தம் கையால் பற்றவைக்கக் கற்றுக்கொடுத்தது.

இக்கலையின் அழகு முழுவதும் அந்தச் சட்டகத்தில்தான் குடிகொண்டிருக்கிறது. சுமார் 25 மி.மீ. அகலமுள்ள சதுர எஃகுக் குழாய்களை முக்கோணங்களாக இணைத்து எழுப்பும் இதில், எந்தப் பக்கத்தின் நீளமும் மாறாதவரை முக்கோணம் உருக்குலையாது என்பதால், மெல்லிய குழாய்களே என்ஜினின் பாரத்தையும் வளைவுகளில் எழும் திருகுவிசையையும் தாங்கிவிடுகின்றன. ஆயினும் பற்றவைப்பின் வெப்பம் உலோகத்தை இழுத்துக் கோணலாக்கக்கூடியது. ஆகவே தேர்ந்த கைவினைஞர் சமதளப் பலகையின்மேல் எல்லா மூட்டுகளையும் முதலில் சிறு புள்ளிகளாக மட்டும் ஒட்டி, மூலைவிட்டங்கள் சமமா என அளந்த பின்னரே, எதிரெதிர் மூலைகளில் மாறிமாறி முழுப் பற்றவைப்பைச் செய்கிறார். பின்னர் அலுமினியத் தகடு ரிவெட்டுகளால் போர்த்தப்பட, பழைய போர்டு எஸ்கார்ட் ஒன்றின் என்ஜினும் கியர்பெட்டியும் பின்அச்சும் உள்ளே அமர்கின்றன. வண்ணப்பூச்சைவிட மூட்டுகளைப் பார்ப்பவரே இதன் உண்மையான ரசிகர்.

பிரிட்டனில் இத்தகைய கார் ஒவ்வொன்றும் தனித்தனியே சோதிக்கப்படுகிறது. பிரேக், ஸ்டீயரிங், புகை, ஒலி ஆகியவற்றோடு, வெளியே துருத்தும் விளிம்புகள் 2.5 மி.மீ. ஆரத்திற்குக் குறையாமல் மழுங்கியிருக்கின்றனவா என்பதும் பார்க்கப்படுகிறது. பல வண்டிகளின் பாகங்கள் கலந்து வயது கணிக்க இயலாதபோது, ‘கியூ’ எழுத்தில் தொடங்கும் பதிவெண் கிடைக்கிறது. பாதசாரியின் தோலைக்கூட எண்ணிப்பார்க்கும் இச்சோதனையைக் கைவினையின் இறுதிக்கட்டமாகவே கொள்வது தகும்.

சிங்கப்பூரில் நிலை வேறு. உட்லண்ட்ஸ் தொழிற்பேட்டைகளில் எஃகைப் பற்றவைக்கும் கைத்திறனுக்குக் குறைவில்லை. எனினும் 2017 செப்டம்பர் முதல் புதிய பெட்ரோல் கார்கள் யூரோ 6 புகை அளவுக்குள் அடங்க வேண்டியிருப்பதால், எழுபதுகளின் எஸ்கார்ட் என்ஜினுக்கு அங்கு வழியில்லை. குறைந்தது 35 ஆண்டு வயதுடைய கார்களை ஆண்டுக்கு 45 நாள் வரை ஓட்ட நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பழம்பெரும் வாகனத் திட்டம் இடமளிக்கிறது. ஆனால் அது கணக்கிடுவது வண்டியின் வயதை, தோற்றத்தை அன்று. நெரிசல் மிகுந்த சிறு தீவில் அக்கண்டிப்பு நியாயமானதே. ஆயினும் அதே 45 நாள் வரம்பையும், பிரிட்டனைப் போன்ற கடுமையான தனிச்சோதனையையும் விதித்து, கையால் கட்டிய சில கார்களுக்கும் ஆணையம் ஓர் இடம் ஒதுக்க வேண்டும்.