பள்ளத்தில் விழாத பந்து

பசறைப் பக்கத் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் பந்து விளையாடியவர்களுக்கு இது தெரியும். பந்து பள்ளத்துத் தேயிலைக்குள் உருண்டுவிட்டால் உதைத்தவனே இறங்கி எடுத்து வரவேண்டும். அதுவரை ஆட்டம் நிற்கும். அதனால் பின்வரிசைக்காரன் கண்டபடி உதைக்க மாட்டான். கால்பந்துப் பயிற்றுவிப்பாளர் அன்டோனியோ லோபஸ் ஹபாஸின் அணிகளைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் களம்தான் ஞாபகம் வரும்.

1957இல் ஸ்பெயினின் கொர்டோபா மாகாணத்தில் பிறந்தவர். 1997 கோப்பா அமெரிக்காவில் பொலிவியாவை இறுதியாட்டம்வரை கொண்டுபோனார். இறுதியாட்டம் நடந்த லா பாஸ் மைதானம் ஏறத்தாழ 3,600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நம் பீதுருதாலகாலை உச்சியே 2,524தான். அந்த உயரத்திலும் ரொனால்டோவின் பிரேசில் 3-1 என வென்றது.

2014இல் கொல்கத்தா அணியோடு முதல் இந்தியன் சூப்பர் லீக். கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிரான இறுதியாட்டத்தில் 90 நிமிடமும் கோல் இல்லை. அதன்பின் நடுவர் சேர்த்துக் கொடுத்த சில நிமிடங்களில், மாற்று வீரராக வந்த முகமது ரஃபீக் தலையால் முட்டினார்; கொல்கத்தாவுக்குக் கோப்பை. 2020இல் கொரோனாவால் ஆளில்லாத கோவா மைதானத்தில் சென்னையின் எஃப்சியை 3-1 என வென்று, அந்தக் கோப்பையை இருமுறை வென்ற முதல் பயிற்றுவிப்பாளரானார்.

"தூக்கம் வரவைக்கும் ஆட்டம்" என்பார்கள். பாதி உண்மை. எதிரணி களைக்கட்டும் என்று காத்திருப்பவர் அவர். அந்தக் காத்திருப்பே சில நாள் காலை வாரும். 2021 இறுதியாட்டத்தில் இவருடைய மோகன் பகான் 1-1 என்று நின்றபோது, 90ஆவது நிமிடத்தில் மும்பையின் பிபின் சிங் கோல் போட்டார். எதிர்முகாமில் இருந்தவரும் ஸ்பெயின்காரர்தான், செர்ஜியோ லொபேரா.

ஆனால் 2024 ஏப்ரல் 15ஐ விமர்சகர்கள் மறந்துவிடுகிறார்கள். பருவத்தின் நடுவே மோகன் பகானுக்குத் திரும்பியிருந்தார். லீக் சுற்றின் முதலிடத்துக்கான கேடயத்தை வெல்ல மும்பைக்குச் சமநிலை போதும்; இவருக்கு வெற்றியே வேண்டும். அன்று காத்திருக்கவில்லை. லிஸ்டன் கொலாசோவும் ஜேசன் கமிங்ஸும் போட, 2-1. மூன்று வாரம் கழித்து இறுதியாட்டத்தில் அதே மும்பை, அதே மைதானத்தில் 3-1 எனப் பழி தீர்த்தது வேறு கதை.

அதன்பின் ஒரு படி கீழிறங்கி ஐ-லீக்கில் இன்டர் காசியைப் பொறுப்பேற்றார். அந்தக் கிண்ணம் முதலில் சர்ச்சில் பிரதர்ஸுக்கு என்றார்கள். வழக்கு சுவிட்சர்லாந்தின் விளையாட்டு நடுவர் மன்றம்வரை போய், 2025 ஜூலையில் காசியே சம்பியன் என்று தீர்ப்பானது. கடைசி ஆட்டம் முடிந்து அப்போது மூன்று மாதம். ரஃபீக்கின் கோலுக்குக்கூட இவர் இவ்வளவு நேரம் காத்திருக்கவில்லை.