வட்டியும் பண்ணும்: ஒரு வள்ளலின் வாழ்வை வாசித்தல்

ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் (1881–1948) வாழ்க்கை நமக்கு இரண்டு அத்தியாயங்களாகவே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. ஒன்றில் அவர் வங்கியாளர். மற்றதில் 1929இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகமும் 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கமும் கண்ட வள்ளல். நடுவில் ஒரு பக்கம் வெற்றாக விடப்படுகிறது. அந்தப் பக்கத்தைத்தான் வாசிக்க வேண்டும் என்கிறேன்.

அடகு வைத்த கம்மலைத் தவணைக்குள் மீட்க முடியாவிட்டால் 'மூழ்கிப் போச்சு' என்பார்கள் எங்கள் திண்டிவனம் பக்கத்தில். பர்மாவில் நிலம் மூழ்கியது. 1930இல் நெல் விலை விழ, கடன்பட்ட விவசாயியால் திருப்பிக் கட்ட முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் 1930இல் சுமார் 6 சதவீதம். 1938இல் 25 சதவீதம். அவ்வளவும் ராஜாவுடையதல்ல. அவர்கள் விரும்பி வாங்கிய நிலமுமல்ல, வேண்டியிருந்தது ரொக்கம்தான். ஆனாலும் அவர் உச்சியில் இருந்த வட்டித்தொழிலின் கணக்கு இது.

அமெரிக்க வங்கியாளர் ஆண்ட்ரூ மெல்லன், நிதியமைச்சராக இருந்துகொண்டே 1930–31இல், செலாவணிக்குத் தவித்த சோவியத் அரசிடமிருந்து ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தின் 21 ஓவியங்களை வாங்கினார். அவர் கொடையாகக் கொடுத்த சேகரிப்போடு வாஷிங்டனில் தேசிய ஓவியக்கூடம் 1941இல் திறந்தது. அதே ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழிசை மாநாடு. மெல்லன் சேகரித்தது ஓவியம். இவர் சேகரித்தது பாட்டு.

சேகரிப்பு என்பது அள்ளுவது மட்டுமல்ல, தள்ளுவதும்தான். தெலுங்குக் கீர்த்தனையின் ஆதிக்கத்துக்கு எதிராக, மியூசிக் அகாதெமி வட்டாரத்தின் எதிர்ப்பை மீறித் தமிழை மேடையேற்றியது பெரிய காரியம். ஆனால் ஏறியது தேவாரப் பண்ணும், முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர் கீர்த்தனைகளும். விழுப்புரம் பக்கத்தில் விடியவிடிய ஆடும் தெருக்கூத்தும் பறையும் அந்தத் 'தமிழிசை'யின் மையத்துக்கு வரவில்லை. செவ்வியல் என்ற சொல் அங்கே சாதியின் வேலையைச் செய்தது.

'அந்தப் பல்கலைக்கழகம் இல்லேன்னா நம்ம ஜனங்க படிச்சிருக்க முடியுமா?' என்று தோழர்கள் கேட்பார்கள். நியாயம்தான். அஞ்சல்வழியில் அங்கே பட்டம் வாங்கியவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர். நன்றி சொல்லலாம், நன்றியே வரலாறாகிவிடக் கூடாது. கொடை வந்த வழியைக் கேட்பது கொடையை மறுப்பதாகாது.

2013இல் அந்தப் பல்கலைக்கழகத்தை அரசு எடுத்துக்கொண்டது. வள்ளலின் பெயரால் பேசப்பட்டது இன்று பொதுச்சொத்து. இசைப் பாடத்தில் கூத்துக்கும் பறைக்கும் என்ன இடம், வரலாற்றுப் பாடத்தில் பர்மிய விவசாயிக்கு எத்தனை பக்கம் என்று வள்ளலின் வாரிசுகளிடம் கைகட்டிக் கேட்க வேண்டியதில்லை. அரசிடம் உரிமையாகவே கேட்கலாம். கேட்போம்.